திருத்த ஆளில்லாத நோட்டு: வேலைக்கு நடுவே இயற்பியலும் கணிதமும் கற்றல்

வேலைக்கும் போய்க்கொண்டு, குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு, முப்பது நாற்பது வயதில் இயற்பியலையும் கணிதத்தையும் அடியிலிருந்து கற்க ஆசைப்படுகிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். பிடித்த பாடம் கிடைக்காமல் வேறு படிப்பில் சேர்ந்தவர்கள், மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டுப் பொருள் தெரியாத குறையைச் சுமப்பவர்கள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து தாங்களே அதில் மூழ்கிப்போனவர்கள் என்று பல வகையினர். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஆசிரியரும் வகுப்பும் இல்லாமல், அன்றாடம் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், இது ஆகிற காரியமா?

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. 'ராமானுஜனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆர்வம் இருந்தால் போதும்' என்பது ஒன்று. 'அதெல்லாம் மேதைகளுக்கு, இருபது வயதுக்குள் ஏறாத கணக்கு இனி ஏறாது' என்பது மற்றொன்று. இரண்டுமே ஆளைத் தவறான வழியில் விடுபவை. தனியே கற்றவர்களின் வரலாறு, கற்றல் பற்றிய ஆய்வுகள், நேரக் கணக்கு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. தனியே கற்பவருக்கு நூல்கள் இருக்கின்றன. வயதும் பெரிய தடை இல்லை. நேரம் குறைவுதான் என்றாலும் சமாளிக்கலாம். அவருக்கு உண்மையாகவே இல்லாதது, அவர் செய்த தவறை அவருக்குச் சொல்லும் ஆள். அந்த இடத்தை எப்படி நிரப்புகிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய படிப்பு நிற்கிறது.

தனியே கற்றவர்களின் வரலாறு

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமை ஒட்டிய ஸ்னெய்ன்டனில் காற்றாலையில் மாவரைத்துப் பிழைத்தவர் ஜார்ஜ் கிரீன் (1793–1841). பள்ளிக்கூடம் போனது ஏறத்தாழ ஓராண்டு. பிறகு அப்பாவின் ரொட்டித் தொழில், அதன்பின் ஆலை. 1828இல், மின்னியலிலும் காந்தவியலிலும் கணிதத்தைப் பயன்படுத்துவது பற்றி ஒரு நூலைச் சந்தா திரட்டி வெளியிட்டார். விலை ஏழரை ஷில்லிங். சந்தா கட்டியவர்கள் 51 பேர். இன்று முதுகலை இயற்பியல் மாணவர்கள் படிக்கும் கிரீன் தேற்றத்துக்கும் கிரீன் சார்புக்கும் மூலம் அந்த நூல்தான். அதன் மதிப்பை உணர்ந்த எட்வர்ட் பிராம்ஹெட் என்ற சந்தாதாரர், உதவ முன்வந்து கடிதம் எழுதினார். அது மரியாதைக்காகச் சொன்ன சொல் என்று பிறர் சொன்னதை நம்பிய கிரீன் இரண்டு ஆண்டுகள் வரை பதில் எழுதவில்லை. தொடர்பு ஏற்பட்ட பிறகு எல்லாம் மாறியது. 1833இல், நாற்பது வயதில், கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1837இல் கணிதப் பட்டத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் கையில் அந்த நூல் அகப்பட்டபோதுதான் உலகம் கிரீனை அறிந்தது.

ஸ்காட்லாந்தில் பிறந்த மேரி சோமர்வில் (1780–1872), இரவில் கண்விழித்துப் படிக்கிறாள் என்று வீட்டார் மெழுகுவத்திகளை எடுத்துக்கொண்ட பிறகு யூக்ளிட்டின் கணக்குகளை இருட்டில் மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்த்தவர். கணவரை இழந்து, குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கணித இதழ் வெளியிட்ட புதிர்க்கணக்குகளுக்கு விடை அனுப்பத் தொடங்கினார். 1811இல் அவற்றில் ஒன்றுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. வில்லியம் வாலஸ் என்ற கணித ஆசிரியர் அவருடைய விடைகளைப் பார்த்து, அடுத்து எந்தெந்த நூல்களைப் படிக்கலாம் என்று வழிகாட்டினார். 1831இல் லாப்லாஸின் வானியல் கணிதத்தை ஆங்கிலத்தில் விளக்கி எழுதிய பெருநூல் அந்தப் பாதையில் பிறந்ததே.

இனி நம் கும்பகோணம். 1903இல் ராமானுஜன் கையில் கிடைத்த கார் என்பவரின் நூல், சுமார் 5,000 தேற்றங்களை நிறுவல் இல்லாமல், அல்லது மிகச் சுருக்கமான நிறுவலோடு, வரிசைப்படுத்தித் தந்தது. தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகத் தொகுத்த நூல் அது. ஒவ்வொரு வரிக்கும் தானே நிறுவல் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ராமானுஜனை வளர்த்தது உண்மை. ஆனால் அந்தத் தனிமைக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. ஐரோப்பாவில் முன்பே அறியப்பட்ட முடிவுகள் பலவற்றை அவர் மறுபடியும் கண்டுபிடித்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியபோது, பகா எண்களைப் பற்றி அவர் உறுதியாகச் சொன்ன சில முடிவுகள் தவறாக இருந்தன. அவற்றுக்கு வேண்டிய கலப்பெண் சார்புகளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தவறு எங்கே நுழைந்தது என்பதை அவரால் தானாகப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கே இந்த நிலை.

அதே ராமானுஜன் 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். வேலை முடிந்த பிறகு இரவில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நடுவில் படிகளைத் தாண்டிப் போகாமல், மற்றவர்களுக்குப் புரியும்படி விரித்து எழுத வேண்டும் என்று ராமானுஜனுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்.

இன்னும் அண்மைக் காலத்து உதாரணம், அமெரிக்காவின் சான் டியேகோவில் வாழ்ந்த மார்ஜோரி ரைஸ். ஐந்து பிள்ளைகளின் தாய். பள்ளிக் கணிதத்துக்கு மேல் படிக்காதவர். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ஓர் இதழில் எழுதிவந்த கணிதப் பத்தியில், இடைவெளி இல்லாமல் தளத்தை நிரப்பும் ஐங்கோணங்களைப் பற்றி வாசித்தார். தனக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டு, வீட்டு வேலைகளுக்கு இடையே வரைந்து வரைந்து நான்கு புதிய வகைகளைக் கண்டுபிடித்தார். அவர் எழுதி அனுப்பியதை கார்ட்னர் டோரிஸ் ஷாட்ஷ்னைடர் என்ற கணிதவியலாளரிடம் கொடுத்தார். அவர் அந்தக் குறியீடுகளைப் பொறுமையாகப் படித்துச் சரிபார்த்தார்.

இவர்கள் அனைவரும் தனியே கற்றவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். ஆனால் ஒவ்வொருவர் கதையிலும், எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்த இன்னொருவர் இருக்கிறார். அந்த இன்னொருவர் வரும்வரை காலம் வீணானதும், வந்தபிறகு வேகம் பிடித்ததும் வரலாற்றில் தெளிவாகவே தெரிகின்றன.

வயது தடையா?

மூளையின் எல்லாத் திறன்களும் ஒரே வயதில் உச்சம் தொட்டு ஒன்றாகச் சரிவதில்லை. ஹார்ட்ஸ்ஹார்ன், ஜெர்மைன் ஆகிய இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெருந்தொகையினரை வைத்துக் காட்டியது. விரைவாகச் செயல்படும் திறன் இருபது வயதை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. சொல்வளமோ அறுபதைத் தாண்டியும் வளர்கிறது. அதனால் நாற்பது வயதுக்காரருக்குப் புதிய குறியீடுகள் பழக அதிக நாள் பிடிக்கலாம். ஆனால் ஒரு பத்தியைப் பொருளுணர்ந்து படிப்பதும், 'இது எனக்குப் புரியவில்லை' என்று தயங்காமல் ஒப்புக்கொள்வதும் அவருக்கு இளைஞரைவிட எளிதாகக் கைவருகின்றன. நுழைவுத் தேர்வின் கடிகாரம் அவர் தலைக்குமேல் ஓடவில்லை என்பதும் சாதாரண அனுகூலம் இல்லை.

வயதைவிடப் பெரிய இடர் பழைய பயம். எட்டாம் வகுப்பில் பின்னத்தில் வந்த குழப்பம் தீராமலே பிளஸ் டூ வரை வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு நுண்கணிதம் கடினமாகத் தோன்றுவதற்கான காரணம் பல நேரம் நுண்கணிதத்தில் இல்லை. இயற்கணிதத்தைக் கையாளும் பழக்கம் போதாததில் இருக்கிறது. அதனால் பெரியவர் தொடங்க வேண்டிய இடம், தான் நிற்பதாக நினைக்கும் இடத்துக்கு இரண்டு வகுப்புக் கீழே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் கடந்துவிடலாம்.

நேரக் கணக்கு

ஐந்து வேலை நாட்களில் நாளுக்கு 40 நிமிடம், ஞாயிறு 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 5 மணி 20 நிமிடம். திருவிழா, காய்ச்சல், விருந்தாளி என்று நான்கு வாரம் கழித்தால், ஆண்டுக்கு 48 வாரம், ஏறத்தாழ 256 மணி நேரம்.

இதை முறையான படிப்போடு ஒப்பிடலாம். எம்ஐடியில் நேரியல் இயற்கணிதம் போன்ற ஒரு பருவப் பாடத்துக்கு வாரம் 12 மணி நேரம், சுமார் 14 வாரம் என்று கணக்கு; மொத்தம் 168 மணி. நம் அட்டவணையில் அது ஏறக்குறைய எட்டு மாதம். பிரிட்டனில் முழு இளநிலைப் பட்டம் 360 மதிப்பலகுகள். ஒன்றுக்கு 10 மணி நேரம் என 3,600 மணி. வேலை பார்ப்பவர்களுக்கென்றே 1969இல் தொடங்கிய அந்நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், பகுதிநேர மாணவர் இதை ஆறு ஆண்டுகளில் முடிக்க வாரம் 16 முதல் 18 மணி நேரம் உழைக்கிறார். நம் 256 மணி நேரத்தில் அதே பட்டத்துக்கு 14 ஆண்டுகள் ஆகும்.

இந்த எண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோகக் கூடாது. கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஆண்டுக்கு ஒன்றரைப் பாடம் என்பதே உண்மையான வேகம். 'ஆறு மாதத்தில் குவாண்டம் இயக்கவியல்' என்று தொடங்குகிறவர் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார். 'இந்த ஆண்டு இயக்கவியலும் அதற்கு வேண்டிய நுண்கணிதமும்' என்று தொடங்குகிறவர் ஆண்டு முடிவில் ஒரு பொருளைத் தனதாக்கிக்கொண்டிருப்பார். நேரம் சிறிதாக இருந்தாலும் அது நாள்தோறும் வருவதில் ஒரு பலன் உண்டு. அதைக் கீழே பார்ப்போம்.

எதை, எந்த வரிசையில்?

கணிதமும் இயற்பியலும் கைகோத்துப் போனால் இரண்டும் எளிதாகும். வகையிடலைப் படிக்கும்போதே திசைவேகமும் முடுக்கமும். தொகையிடலோடு வேலையும் ஆற்றலும். வகைக்கெழுச் சமன்பாடுகளோடு அலைவுகள். வெக்டர் நுண்கணிதத்தோடு மின்காந்தவியல். நேரியல் இயற்கணிதத்துக்குப் பிறகே குவாண்டம் இயக்கவியல். இந்த வரிசையில் எதையாவது தாண்டிப் போனால் கடன் பின்னால் வட்டியோடு வரும்.

நூல் பஞ்சம் இப்போது இல்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ நூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசம். எச்.சி. வர்மாவின் இரண்டு தொகுதிகள் இந்தியாவெங்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் ஃபெயின்மன் நடத்திய விரிவுரைகள் மூன்று தொகுதிகளாக இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. அவை முதல் வாசிப்புக்கு உரியவை இல்லை, பாடத்தை ஒருமுறை முடித்தவருக்குப் பொருளை ஆழப்படுத்துபவை. ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் சஸ்கிண்ட், கல்லூரி வயதைக் கடந்த பொதுமக்களுக்கென்றே நடத்திய வகுப்புகள் பதிவாகவும் நூலாகவும் உள்ளன. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல், எம்ஐடியின் திறந்த பாடங்கள் என்று விரிவுரைகளுக்கு எல்லையே இல்லை.

இந்தப் பெருக்கமே ஒரு பொறி ஆகிவிட்டது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இணையப் பாடங்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வு, 2017–18இல் சேர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேரே முடித்தார்கள் என்று காட்டியது. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் அது 46 சதவீதம். பணம் கட்டியவர்கள் ஏற்கெனவே உறுதியோடு வந்தவர்களாக இருக்கலாம். ஆனாலும், கெடுவும் தேர்வும் வைத்துக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்ல வேண்டிய நிலையில் தன்னை நிறுத்திக்கொள்வது உதவுகிறது என்று கொள்ள இடம் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு ஒரு நூல், துணைக்கு ஒரு விரிவுரை வரிசை. அது முடியும்வரை மூன்றாவதைத் தொடாமலிருப்பது நல்லது.

எப்படிப் படிப்பது?

2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒருமுறை வாசித்து, மூன்று முறை புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்த குழுவே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அந்தக் குழுவுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 சதவீதம். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது 'தெரிந்துவிட்டது' என்ற நிறைவு வருகிறது. ஆனால் அது நம்மை ஏமாற்றுகிறது. விரிவுரைக் காணொளி தரும் நிறைவும் இதே வகைதான்.

கணிதத்துக்கு இன்னும் நேரடியான சான்று உண்டு. ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவைக் கற்பித்தார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60 சதவீதமே. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20 சதவீதம், கலந்து செய்தவர்கள் 63 சதவீதம். காரணம் எளியது. 'தொகையிடல்: பகுதி முறை' என்ற தலைப்பின்கீழ் உள்ள கணக்குக்கு எந்த முறை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கலந்து வரும்போதுதான் முறையைத் தேர்ந்தெடுக்கப் பழகுகிறோம்.

இந்த இரண்டு முடிவுகளும் நேரமில்லாதவருக்குச் சாதகமானவை. ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் உட்கார முடியாதவர், ஒன்பது நாளில் 40 நிமிடமாகப் பிரித்துப் படிக்க நேர்கிறது; இடைவெளி விட்டுப் படிப்பதே நினைவுக்கு நல்லது என்று 1885இல் எபிங்ஹவுஸ் காலத்திலிருந்து ஆய்வுகள் சொல்லிவருகின்றன. ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடம் நேற்றையதை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது. அடுத்து எடுத்துக்காட்டுக் கணக்கு ஒன்றை, ஒவ்வொரு படிக்கும் 'ஏன்' கேட்டபடி படிப்பது. மீதி நேரத்தில் பழைய பாடக் கணக்கு ஒன்றும் புதிய கணக்கு ஒன்றும். 40 நிமிடத்துக்கு இது போதும்.

தெரியாமலே தங்கிவிடும் தவறு

மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் அதன்மேல் எந்த விசை செயல்படுகிறது? 'எதுவும் இல்லை, அதனால்தான் நிற்கிறது' என்று சொல்கிறவர்கள் உண்டு. 'எறிந்த விசையும் புவியீர்ப்பும் சமமாகிவிட்டன' என்பவர்கள் அதைவிட அதிகம். கையை விட்ட கணத்திலிருந்து, காற்றின் தடையை விட்டுவிட்டால், பந்தின்மேல் இருப்பது புவியீர்ப்பு மட்டுமே. உச்சியிலும் அதே அளவு. வேகம்தான் சுழியாகிறது, முடுக்கம் ஆவதில்லை.

இந்தத் தவறான கருத்தை வைத்துக்கொண்டே சூத்திரத்தில் எண்களைப் போட்டுச் சரியான விடை எடுக்கலாம் என்பதே இதில் உள்ள ஆபத்து. இப்படிப்பட்ட கேள்விகளைத் தொகுத்து ஹெஸ்டனஸ் குழுவினர் 1992இல் விசைக் கருத்துத் தேர்வு ஒன்றை வெளியிட்டார்கள். அதை வைத்து ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளில் 6,500க்கும் மேற்பட்ட மாணவர்களின் முன்னேற்றத்தை அளந்து 1998இல் எழுதினார். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்புகளில், முன்னேற இடம் இருந்ததில் 23 சதவீதமே முன்னேற்றம். மாணவர்கள் விடை சொல்லி, தங்களுக்குள் வாதாடி, உடனுக்குடன் திருத்தம் பெற்ற வகுப்புகளில் 48 சதவீதம்.

வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் திருத்தம் இல்லையென்றால் பலன் பாதிதான் என்பது இதன் பொருள். அப்படியானால் தனியே படிப்பவர் இழந்திருப்பது வகுப்பை அல்ல, திருத்தத்தை. திருத்தத்தை வேறு வழியில் தேடிக்கொள்ள முடியும்.

நாமே திருத்திக்கொள்ளும் வழிகள்

முதலில் பரிமாணம். காலத்தைக் கேட்ட கணக்குக்கு விடை மீட்டரில் வந்தால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

அடுத்து எல்லை நிலைகள். ஒரு கப்பியின் இரு பக்கமும் இரண்டு எடைகள் தொங்குகின்றன. முடுக்கம் என்பது நிறைகளின் வேறுபாட்டை அவற்றின் கூடுதலால் வகுத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கியது. இரு நிறைகளும் சமமானால் விடை சுழி. ஒரு பக்கம் நிறையே இல்லையென்றால் மற்றது தடையின்றி விழ வேண்டும், அப்படியே வருகிறது. குறியை எங்காவது மாற்றிப் போட்டிருந்தால் இந்த இரண்டு சோதனைகளில் ஒன்று உடனே காட்டிக்கொடுத்திருக்கும்.

மூன்றாவது, எண்ணைப் போட்டுப் பார்ப்பது. ஓர் எண்ணின் வர்க்கம், 3 என்ற இடத்தில் மாறும் வீதம் 6 என்று வகையிடல் சொல்கிறது. 3.01ஐ வர்க்கப்படுத்தினால் 9.0601. அதிலிருந்து 9ஐக் கழித்து 0.01ஆல் வகுத்தால் 6.01. கைபேசிக் கணிப்பான் போதும்.

நான்காவது, கையால் செய்து பார்ப்பது. கால் மீட்டர் நூலில் ஒரு நட்டைக் கட்டி ஆட்டினால், பத்து அலைவுக்குப் பத்து வினாடி ஆகும். நூலை ஒரு மீட்டராக்கினால் இருபது. நீளம் நான்கு மடங்கு, காலம் இரண்டு மடங்கு. ஊசல் சமன்பாட்டின் வர்க்கமூலம் கண் முன்னே ஆடுகிறது.

இன்னொருவரின் கண்

இந்த நான்கும் விடையில் உள்ள பிழையைப் பிடிக்கும். கருத்தில் உள்ள பிழையும், நிறுவலில் நாம் அறியாமல் தாண்டிய படியும் பெரும்பாலும் இன்னொருவர் கண்ணுக்கே தெரியும். ராமானுஜனின் பகா எண் முடிவுகள் அதற்குச் சாட்சி. அந்த இன்னொருவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. பேர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஐன்ஸ்டைன், சோலோவின், ஹாபிஷ்ட் மூவரும் மாலையில் கூடி நூல்களைப் படித்து விவாதித்தார்கள். மூவருமே இளைஞர்கள், அந்தக் கூட்டத்தில் யாரும் யாருக்கும் ஆசிரியரில்லை. அதே பாடம் படிக்கும் ஒரு நண்பரோடு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரிடம் மாதம் ஒரு மணி நேரம், என்பிடெல் பாடத்தின் வாராந்திரப் பயிற்சியும் நேரில் எழுதும் தேர்வும் என்று வழிகள் பல. கேட்கத்தான் கூச்சம். பிராம்ஹெட்டின் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் கிரீன் இழந்த காலத்தை நினைத்துக்கொண்டால் அந்தக் கூச்சம் தீரும்.

தாய்மொழியும் ஒரு திருத்துநர். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது, சொல் மட்டும் தெரிந்து பொருள் தெரியாத இடங்கள் அம்பலமாகும். இங்கே வெக்டர் அல்லது திசையன் என்பதை இலங்கைத் தமிழ் மாணவர்கள் காவி என்கிறார்கள். நமக்கு அணி, அவர்களுக்குத் தாயம். நமக்கு முடுக்கம், அவர்களுக்கு ஆர்முடுகல். சொல் எதுவானாலும் பொருளைப் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு விளங்கவைக்க முடிகிறதா என்பதே சோதனை. அந்தப் பிள்ளை கேட்கும் முதல் 'ஏன்?' பல நேரம் நாம் தாண்டிய படியின்மேல் வந்து விழும்.

ஆகவே, வேலைக்கு நடுவே தனியே இயற்பியலும் கணிதமும் கற்க முடியுமா என்ற கேள்விக்குப் பதில்: முடியும், ஆண்டுக்கு ஒன்றரைப் பாடம் என்ற வேகத்தில், நாள்தோறும் கணக்குப் போட்டு, திருத்தத்துக்கு வழி செய்துகொண்டால். இதில் முதல் இரண்டையும் கற்பவர்கள் எப்படியோ செய்துவிடுகிறார்கள். மூன்றாவதை நாளைக்கு என்று தள்ளுகிறார்கள். அதனால் இந்த வாரம் போட்ட கணக்குகளில், சரி என்று நீங்கள் நிச்சயமாக நம்பும் ஒன்றை எடுங்கள். ஒரு படியும் விடாமல் மறுபடி எழுதுங்கள். அந்தத் தாளைக் கொடுக்க ஓர் ஆளைத் தேடுங்கள்.